பிரேக் பேடைக் கழற்றிப் பார், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிப்பா, பாத்துக்கிறேன்பா" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாதே, அதனால்தான்.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புது வீல் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டிருந்தாய். நன்றாகத்தான் இருக்கிறது, உன் அம்மாவுக்கும் அந்தக் கலர் பிடித்திருக்கிறது. ஆனால் எனக்கு வீலில் கண் நிற்கவில்லை. ஸ்போக்குகளுக்கு நடுவே பிரேக் டிஸ்க் சூட்டில் நீலம் பாரித்துத் தெரிகிறது. டிஸ்கை அழுத்திப் பிடிக்கிற பேடின் பின்தகடு தெரிகிறது, அதன்மேல் ஒட்டியிருக்கும், தேய்கிற கலவையும் தெரிகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே தடிமன். ரோட்டில் மட்டும் ஓடுகிற வண்டி என்றால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிக்கொள் என்று நானே சொல்லியிருப்பேன். ரேஸ் டிராக்குக்குப் போகிற வண்டிக்கு அதுதான் மாற்ற வேண்டிய அளவு. இது உனக்குத் தெரியாததில்லை.

தெரிந்தும் ஏன் விட்டாய் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. உன்னோடு ஓட்டுகிறவர்கள் எல்லாரும் லேப் டைமைப் பேசிக்கொண்டிருக்கும்போது, நீ வெர்னியர் அளவுகோலை வைத்துப் பேட் தடிமனை அளந்து நோட்டில் எழுதியவள். உள் பேடு தனி, வெளிப் பேடு தனி, வலது இடது தனித்தனி. அந்த நோட்டை நான் எத்தனை பேரிடம் காட்டிப் பெருமையடித்திருக்கிறேன் தெரியுமா? இப்போது அந்த நோட்டு எங்கே இருக்கிறது?

மெலிந்த பேடு நைந்துபோன கைத்துணி மாதிரி. பாத்திரத்தைப் பிடிக்கத்தான் செய்யும், ஆனால் சூடு கைக்கு வந்துவிடும். கலவை தடிமனாக இருக்கிறவரை டிஸ்கின் சூட்டை அதுவே தாங்கிக்கொள்ளும். பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டால் சூடு பின்தகட்டைத் தாண்டி, பேடைத் தள்ளுகிற பிஸ்டனுக்குப் போகும், பிஸ்டனிலிருந்து பிரேக் ஆயிலுக்குப் போகும். முதல் பாதி தேய்ந்த வேகத்தில் அடுத்த பாதியும் தேயும் என்று கணக்குப் போடாதே. அது இன்னும் சீக்கிரம் போய்விடும்.

அப்புறம், பம்பரின் அடி கிரில்லில் காய்ந்த புல் செருகிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதில்லை.

கணக்கு ஒன்று சொல்கிறேன், நீ இன்ஜினியர்தானே, சரிபார்த்துக்கொள். 1,200 கிலோ வண்டி மணிக்கு 180 கிலோமீட்டரில் போகும்போது அதில் இருக்கும் ஆற்றல் 15 லட்சம் ஜூல். வளைவுக்கு முன்னால் 60-க்கு இறக்கினால் அதில் 13 லட்சத்துக்கும் மேல் நாலைந்து விநாடிக்குள் வெளியேறியாக வேண்டும். பெரும்பகுதி முன் டிஸ்குகளில்தான் இறங்கும். இது ஒரு வளைவுக்கு மட்டும். சூடு ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. நான் ஷெட்டில் வேலை பார்த்த காலமெல்லாம் பார்த்தது ரோட்டு வண்டிகளைத்தான், இந்த மாதிரி நீலம் பாரித்த டிஸ்கை அங்கே அபூர்வமாகத்தான் பார்ப்போம்.

பிரேக் ஆயிலை எப்போது மாற்றினாய்? டாட் 4 ரகம் என்றால் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 வரைக்கும்தான் உத்தரவாதம். டாட் 5.1-க்கு இதே கணக்கு 260, 180. ரேஸ் ஆயில்களில் 300-ஐத் தாண்டுவதும் உண்டு, அதை இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும். டாட் 5 என்று தனியாக ஒன்று விற்கும், அது சிலிக்கான், அதைக் கொண்டுவந்து இதில் கலந்துவிடாதே. டப்பாவில் ஆயில் இறங்கியிருந்தால் உடனே ஊற்றி நிரப்பாதே. முதலில் எங்காவது ஒழுகுகிறதா என்று பார். ஒழுகவில்லையென்றால் பேடு தேய்ந்ததால் பிஸ்டன் வெளியே வந்திருக்கிறது, அதனால்தான் மட்டம் இறங்கியிருக்கிறது. ஊற்றி மறைத்துவிட்டால், பேடைப் பார் என்று வண்டி சொல்வதை நாமே வாயடைத்த மாதிரி ஆகும்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். கடைசியாக டிராக்குக்குப் போனாயே, அன்றைக்குப் பெடல் எப்படி இருந்தது? கெட்டியாக இருந்ததா, மெத்தென்று இறங்கியதா?

இரண்டும் வேறு வேறு வியாதி. மிதித்தால் பெடல் கெட்டியாகவே நிற்கிறது, வண்டி மட்டும் நிற்காமல் போகிறது என்றால் பேடு தன் சூட்டு எல்லையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். கருகல் வாடையும் வந்திருக்கும். கழற்றிப் பார்த்தால் ஓரமெல்லாம் வெளுத்து, நகத்தால் சுரண்டினாலே பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பேடு ஆறின பிறகு பழையபடி பிடிக்கிற மாதிரி தெரிந்தாலும் நம்பாதே, தூக்கிப் போடு. பெடல் மெத்தென்று தரைவரைக்கும் இறங்கினால் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. அதற்குப் புது ஆயில் ஊற்றி, நாலு வீலிலும் குழாயில் சேர்ந்த ஏரை எடுக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்று உண்டு: டிராக் ஓரத்து மேடான கெர்ப் மேல் ஏறி இறங்கினதும் வீல் ஆட்டத்தில் டிஸ்க், பேடைப் பின்னுக்குத் தள்ளிவிடும், அடுத்த மிதி மட்டும் ஆழமாகப் போகும், இரண்டாவது மிதிக்குச் சரியாகிவிடும். அப்படி என்றால் பேரிங்கைப் பார்க்க வேண்டும். எது என்று தெரிந்தால்தான் எதை மாற்றுவது என்று நான் சொல்ல முடியும். அதற்காகத்தான் கேட்கிறேன், வேறு எதற்கும் இல்லை.

ஒரு பக்கத்தில் உள் பேடு அதிகமாகவும் வெளிப் பேடு குறைவாகவும் தேய்ந்திருந்தால், பேடுகளைப் பிடித்திருக்கும் உன் காலிப்பர் மாதிரிக்கு முதலில் அது நகர்கிற ஸ்லைடு பின்னைத்தான் சந்தேகப்பட வேண்டும். கழற்றித் துடைத்து, சூடு தாங்குகிற சிலிக்கான் கிரீஸ் வை. சாதா கிரீஸ் வைத்தால் ரப்பர் ஊதிப்போய் பின் இன்னும் இறுகிவிடும். டிஸ்கில் மயிரிழை வெடிப்புகள் இருப்பது பரவாயில்லை. நகம் மாட்டுகிற அளவுக்கு ஆழமாக இருந்தாலோ, ஓரம்வரைக்கும் ஓடியிருந்தாலோ மாற்று. தூசியைக் காற்றடித்து ஊதாதே, அது நுரையீரலுக்குள் போகும். பின் பேடையும் பார். வண்டி சறுக்காமல் பார்த்துக்கொள்கிற ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலை அணைக்காமல் ஓட்டினால் அதுவாகவே பின் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டிருக்கும், உனக்குத் தெரியாமலே தேய்ந்திருக்கும். அதற்காக அணைத்துவிட்டு ஓட்டு என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே.

இன்னொன்று, இதைத்தான் போனில் சொல்ல வந்தேன், நீ வைத்துவிட்டாய். டிராக் பேடைப் போட்டுக்கொண்டு அதே வண்டியில் குட்டியைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறாயா? அந்தப் பேடு சூடேறினால்தான் முழுசாகப் பிடிக்கும். காலையில் வண்டி எடுத்த முதல் சிக்னலில் அது குளிர்ந்துபோய் இருக்கும். நீ எப்போதும் மிதிக்கிற அளவுக்கு மிதிப்பாய், வண்டி கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும். அந்தக் கொஞ்சத்தில் யாராவது ரோட்டைக் கடந்துகொண்டிருக்கக் கூடாது. டிராக் முடிந்ததும் ரோட்டுப் பேடை மாற்றிவிடு. ஒவ்வொரு கலவையும் டிஸ்க்மேல் தன் படிவை விட்டுவிட்டுப் போகும், அதனால் முடிந்தால் டிஸ்கும் தனி செட் வைத்துக்கொள். புதுப் பேடு போட்டால் படிய வைக்காமல் டிராக்கில் இறங்காதே. நல்ல வேகத்திலிருந்து அழுத்திப் பிடி, முழுசாக நிறுத்தாதே, திரும்பவும் வேகம் ஏற்று, மறுபடி பிடி. வாடை வந்ததும் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடு.

ஓட்டி முடித்தால் கடைசி லேப்பை மெதுவாக ஓட்டி வா. இதை நான் எத்தனை தடவை சொல்லிவிட்டேன்! நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக்கை இழுக்காதே. கியரில் போட்டு வீலுக்குக் கட்டை வை. சூட்டோடு பேடு டிஸ்கைக் கவ்விக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் தழும்பு விழும், அப்புறம் ஸ்டியரிங் நடுங்குகிறது, டிஸ்க் வளைந்துவிட்டது என்பாய். முக்கால்வாசி நேரம் டிஸ்க் வளைந்திருக்காது.

உன் வீடியோவில் அந்த நீள நேர்க்கோட்டின் முடிவில் நீ பிரேக் பிடிக்கிற இடத்தைப் பார்த்தேன். தடுமாற்றமே இல்லை, ஒவ்வொரு லேப்பிலும் அதே இடம். சொல்லிக் கொடுத்து வருவதில்லை அது. அவ்வளவு நிதானமாகப் பிடிக்கிறவளுக்குப் புல்லுக்குள் என்ன வேலை என்றுதான் நேற்று ராத்திரி யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன். சரி, அதை விடு.

பேடு மாற்றுகிற அன்று பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பாய். வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் பெடல் கெட்டியாகிறவரை மிதித்துவிடு. முதல் மிதி வெறுமனே தரைக்குப் போகும். மறந்துவிட்டு கியர் போட்டால் எதிர்ச் சுவர்தான் பிரேக். அதற்கப்புறம் வீல் நட்டை டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கு, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பவும் பார்.

பதில் நீளமாக எழுத வேண்டாம். கெட்டி என்றோ மெத்து என்றோ ஒரு வார்த்தை அனுப்பினால் போதும். இவ்வளவு நேரமாக என்ன எழுதுகிறீர்கள் என்று உன் அம்மா இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டாள். வீல் கலரைப் பற்றி என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் போன் செய்தால் நீயும் அதையே சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா