முதலில் கேட்க வையுங்கள், பிறகு கேளுங்கள்

மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத் திறன் சோதனை வகுத்து அனுப்பும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய ஓர் ஊரில் 8 விசைத்தறி ஓட்டுகிறவன். என் மகள் அரசுப் பள்ளியில் 12ஆம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் உங்கள் உத்தரவுப்படி இங்கே கேட்டல், வாசித்தல் சோதனை நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்று தகவல் வந்திருக்கும். மதிப்பெண்ணும் அன்று மாலை 5 மணிக்குள் ஏறிவிட்டது. ஏறாத சங்கதி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

58 பிள்ளைகளுக்கும் ஒரே அறை. ஆசிரியையின் மேசைமேல் ஒரு நாற்காலி, நாற்காலிமேல் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர். ஒலிப்பதிவு அவருடைய கைப்பேசியில். வகுப்புக்குப் பின்னால் மதில். மதிலை ஒட்டி 4 தறிப் பட்டறை. மின்விசிறி சத்தம் போடுகிறது என்று அதை நிறுத்தினார்கள். தறிச் சத்தம் வருகிறது என்று சன்னலையும் சாத்தினார்கள். வேர்த்துக் கொட்டி விடைத்தாள் நனைந்ததும் ஒரு பக்கத்துச் சன்னலை மறுபடி திறந்தார்கள். பதிவு ஓடியது. ஏதோ ஒரு ரயில் நிலையத்து அறிவிப்பு, சீமை உச்சரிப்பில். எத்தனையாவது நடைமேடை, எத்தனை நிமிடத் தாமதம், பயணிகள் யாரிடம் போய் விசாரிக்க வேண்டும் என்று 5 கேள்வி.

முதல் இரண்டு பெஞ்சுக்குக் கொஞ்சம் கேட்டிருக்கிறது. மூன்றாவது பெஞ்சிலிருந்து யாரோ பேசுகிறார் என்பது மட்டும் தெரிந்திருக்கிறது. பிள்ளைகள் கெஞ்சியதால் ஆசிரியை இரண்டாம் முறை போட்டார். பாதியில் அவருக்கு ஒரு போன் வந்து ஸ்பீக்கரிலேயே ரிங்டோன் அடித்தது. அன்றைக்கு 58 பேருக்கும் தெளிவாகக் கேட்டது அது ஒன்றுதானாம்.

அந்த ஆசிரியையைக் குறை சொல்லிவிடாதீர்கள். ஸ்பீக்கர் அவர் சொந்தக் காசில் வாங்கியது. விளக்கம் கேட்டு அவருக்கு நோட்டீஸ் ஏதும் போவதானால், தயவுசெய்து இந்த மடலை இத்தோடு மடித்து வைத்துவிடுங்கள்.

என் மகள் ஐந்தாவது பெஞ்சு. பக்கத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு எண்ணைப் போட்டு வைத்தார்கள். நடைமேடை என்றால் 1 முதல் 5க்குள் ஏதோ ஒன்று இருக்கும், தாமதம் என்றால் எப்படியும் 30 நிமிடம், இது ரயிலைப் பார்த்த எல்லாருக்கும் தெரிந்ததுதானே. அப்படிப் போட்டவர்களுக்கு 2, 3 என்று விழுந்தது. இவள் மட்டும் 5 கேள்விக்கும் சேர்த்து ஒரே வரி எழுதினாள்: "ஐ குட் நாட் ஹியர் தி ரெக்கார்டிங்." அந்த விடைத்தாளை நான் பார்த்தேன். எழுத்துப்பிழை இல்லை, இலக்கணப்பிழை இல்லை, பொய்யும் இல்லை. மதிப்பெண் 0.

இதோடு போயிருந்தால் மடல் எழுதும் வேலை எனக்கு இல்லை. தறி கிடக்கிறது. ஆனால் அந்த 0 மறுநாளே 'மெல்லக் கற்போர்' பட்டியல் ஆகிவிட்டது. பட்டியலில் இருப்பவர்களுக்கு மாலைச் சிறப்பு வகுப்பு. அங்கே அவள் கையில் ஒரு மினிமம் மெட்டீரியலைக் கொடுத்திருக்கிறார்கள். 35 எடுத்துத் தேற என்னென்ன மனப்பாடம் செய்ய வேண்டும் என்று போட்ட சின்னப் புத்தகம். வீட்டுக்கு வரும் நூல் மூட்டையில் சுற்றியிருக்கும் பழைய ஆங்கிலப் பேப்பரைப் பிரித்து நீவி வைத்துக்கொண்டு படிக்கிற பெண் அவள். அவளிடம் போய் ஒரு கட்டுரையைக் கொடுத்து, அர்த்தம் தெரிய வேண்டாம், 10 தடவை எழுதிப் பார் என்கிறீர்கள். சிறப்பு வகுப்பு முடிவதற்குள் எங்கள் வீட்டுப் பக்கம் போகும் பஸ் போய்விடுகிறது. நான் தறியை நிறுத்திவிட்டு அவளை வண்டியில் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். வழியில் அவள் பேசுவதில்லை. ஒருநாள் மட்டும் கேட்டாள்: "ஏம்ப்பா, நான் தப்பா எதையாவது எழுதியிருந்தா என்னை விட்டிருப்பாங்க, இல்ல?"

இதற்கு என்ன பதில் சொல்ல என்று நீங்களே சொல்லுங்கள்.

வாசித்தல் சோதனையையும் பார்த்துவிடுவோம், அது சீக்கிரம் முடிந்துவிடும். கொடுத்த பத்தி பாடப் புத்தகத்திலேயே இருக்கிற பத்தி. கேள்விகளும் கைடில் இருப்பவை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பையன்கூட முதல் வார்த்தையைப் பார்த்தவுடன் மீதியைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டான். அவன் வாசிப்பில் தேறியவன். தெரிந்த பத்தியைக் கொடுத்து வாசிப்பைச் சோதிப்பதும், நெய்து முடித்த துணியைக் காட்டி இவனுக்கு நெய்யத் தெரியுமா என்று பார்ப்பதும் ஒன்றுதான். பொதுத்தேர்வு 90 மதிப்பெண் எழுத்து, 10 அக மதிப்பீடு. அந்த 90இல் காதுக்கு வேலையே கிடையாது. கண்ணுக்கும் பாதி வேலைதான், மீதி எல்லாம் ஞாபகசக்திக்கு. ஆகவே கேட்டலையும் வாசித்தலையும் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்ததை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். சோதனையே வேண்டாம் என்று எழுதவில்லை. முதலில் கேட்க வையுங்கள், பிறகு கேளுங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் பிள்ளைகளின் காதில் ஒரு குறையும் இல்லை. வீட்டில் தமிழ். நகரிப் பக்கம் பாட்டி வீட்டுக்குப் போனால் தெலுங்கு. கடைத்தெருவில் வாக்கியம் ஒரு மொழியில் தொடங்கி இன்னொன்றில் முடியும், அதில் யாருக்கும் சிரமம் கிடையாது. தறிக் கொட்டகைக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அதற்குள்தான் இவர்கள் குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டு வளர்ந்தார்கள். அம்மா அந்தக் கோடியிலிருந்து வாயை அசைத்தால் இந்தக் கோடியில் பிள்ளைக்குப் புரியும், ஊடை தீர்ந்துவிட்டது, சோறு எடுத்து வை, எதுவானாலும். உதட்டைப் பார்த்தே கேட்கப் பழகியவர்கள். உங்கள் ஸ்பீக்கருக்கு உதடு இல்லையே. 25 வருடம் தறி ஓட்டியதில் எனக்கு இடது காது மந்தம், என்னிடம் இரண்டு தடவை சொல்ல வேண்டும். அவளிடம் ஒரு தடவை போதும்.

மற்ற இடங்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று அவளும் நானும் உட்கார்ந்து தேடிப் படித்தோம். ஜப்பானில் கல்லூரி நுழைவுக்கான தேசியத் தேர்வில் 2006 ஜனவரியில் ஆங்கிலக் கேட்டலைச் சேர்த்தார்கள். தேர்வு எழுதும் ஒவ்வொருவர் கையிலும் சின்ன ஒலிக்கருவி ஒன்றைக் கொடுத்து, காதில் மாட்டிக்கொள்ளச் சொல்லித்தான் சேர்த்தார்கள். 2021இல் வந்த புதிய தேர்வில் வாசித்தலுக்கு 100, கேட்டலுக்கு 100 என்று சரிசமம். தென்கொரியாவில் நவம்பரில் நடக்கும் கல்லூரித் தேர்வில் ஆங்கிலத்துக்கு 45 கேள்வி, அதில் 17 கேட்டல். அந்தக் கேட்டல் பகுதி ஓடும் நேரத்தில் நாடு முழுக்க விமானம் ஏறவும் விடமாட்டார்கள், இறங்கவும் விடமாட்டார்கள். ஏறத்தாழ 35 நிமிடம். அதைப் படித்தபோது அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன். மத்தியப் பாடத்திட்டத்தில் 12ஆம் வகுப்பு ஆங்கிலத்துக்கு 80 எழுத்து, 20 அக மதிப்பீடு. அந்த 20இல் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் தெருவிலிருந்து நர்சிங் படித்துவிட்டு வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதிய பெண் சொன்னாள்: கேட்டலில் 40 கேள்வி, பதிவு ஒரே ஒருமுறைதான் ஓடும், தவறவிட்டால் விட்டதுதான். ஆனால் அங்கே காதுக்குச் சத்தம் ஒழுங்காக வந்து சேருமாம். என் மகளும் நாளைக்கு அங்கே போய் உட்காரக்கூடும். அதற்குள் நீங்கள் அவளைப் பத்து நல்ல பதிவுகளையாவது கேட்க வைத்திருக்க வேண்டாமா? பாடப் புத்தகத்தில் கேட்டல் பயிற்சி இல்லாமல் இல்லை. ஆசிரியர் வாசித்துக் காட்டு, பிள்ளைகள் கேட்கட்டும் என்றே போட்டிருக்கிறது. அதிலிருந்து பொதுத்தேர்வில் எதுவும் வராததால் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. ஆண்டு முழுக்கப் புரட்டாத பக்கத்தை ஒருநாள் காலையில் திடீரென்று சோதித்தால் எப்படி?

எங்கள் வட்டாரத்துக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணியோடு இந்தப் பக்கம் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. அதற்காக ம.பொ.சி.யும் மற்றவர்களும் எத்தனை பாடுபட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எல்லைக்கோடு ஒரே நாளில் தள்ளிப் போனது. அந்தக் கோடு வரைக்கும் பஸ் வர, ஆசிரியர் வர, ஆய்வுக்கு ஓர் அதிகாரி வர எத்தனை காலம் ஆகும் என்று அப்போது யாரும் எழுதி வாங்கவில்லை போலிருக்கிறது. செப்டம்பர் 5ஆம் தேதி நாடே ஆசிரியர் தினம் கொண்டாடுகிறதே, அந்தப் பெரியவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்தது இந்தத் திருத்தணிப் பக்கம்தான். ஆண்டுதோறும் அவர் படத்துக்கு மாலை தவறுவதில்லை. ஆங்கில ஆசிரியர் பணியிடத்துக்குத்தான் ஆள் வரத் தவறிவிடுகிறது. வந்தவரும் இடமாறுதல் கலந்தாய்வு எப்போது என்று விசாரித்துக்கொண்டேதான் வருகிறார். 11ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று 2017-18இல் கொண்டு வந்தார்கள், 2025-26இலிருந்து வேண்டாம் என்றார்கள். இரண்டுக்கும் காரணம் சொன்னார்கள், இரண்டையும் நாங்கள் கேட்டுக்கொண்டோம். நாங்கள் எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். கேட்காத காது எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு சோதனை வைத்துப் பார்த்தால் நன்றாயிருக்கும், அதன் மதிப்பெண்ணையும் மாலை 5 மணிக்குள் ஏற்றிவிடலாம்.

மன்னிக்கவும். பேச்சு எங்கோ போய்விட்டது. கேட்க வந்ததைப் பணிவாகக் கேட்டுவிடுகிறேன்.

பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது. 20 கணினி, ஹெட்போனும் உண்டு. அன்றைக்கு அது வேறு வகுப்பின் ஆன்லைன் தேர்வுக்குப் போய்விட்டது. எல்லாப் பள்ளியும் ஒரே நாளில் ஒரே மணிக்கு முடித்தாக வேண்டும் என்று நீங்கள் சொன்னதால் வந்த வினை இது. ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். 58 பேரை மூன்று அணியாகப் பிரித்தால், அணிக்கு அரை மணி வைத்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கேள்வி வெளியே போய்விடும் என்று பயமிருந்தால் மூன்று பதிவு அனுப்புங்கள். பதிவை இரண்டு முறை ஓட விடுங்கள். நம் ஊர் உச்சரிப்பிலும் ஒன்று இருக்கட்டும், சீமை உச்சரிப்பும் இருக்கட்டும். வாசித்தலுக்குப் புத்தகத்தில் இல்லாத பத்தியாகக் கொடுங்கள். எங்கள் பஸ் கால அட்டவணையை ஆங்கிலத்தில் போட்டுக் கொடுத்தாலும் சரி, அதுவும் பிள்ளைகள் பார்த்திராத ஒன்றுதான்.

அதோடு, விடைத்தாளில் 'கேட்கவில்லை' என்று ஒரு கட்டம் வையுங்கள். அதில் குறி விழுந்தால் அந்தப் பிள்ளைக்கு 0 போடாமல் மறுபடி ஒருமுறை கேட்க வையுங்கள். ஊடை நூல் அறுந்தால் என் பழைய தறிகூடத் தானாக நின்றுவிடும் ஐயா. நூல் இல்லாமல் வெறுமனே ஓடாது. அந்த அளவுக்காவது சோதனைக்கும் ஓர் ஏற்பாடு இருக்கட்டும். அது வரும்வரை, போன மாதத்து மதிப்பெண்ணை வைத்துப் போட்ட மெல்லக் கற்போர் பட்டியலை நிறுத்தி வையுங்கள். என் மகள் பெயரை மட்டும் எடுங்கள் என்று கேட்கவில்லை, மூன்றாவது பெஞ்சுக்குப் பின்னால் இருந்த அத்தனை பேருக்காகவும்தான் கேட்கிறேன்.

லேப் கிடைக்காது, பழைய மாதிரி ஸ்பீக்கர்தான் என்றாலும் ஒரு வழி இருக்கிறது. மதிலை ஒட்டிய 4 பட்டறையில் கடைசிப் பட்டறை என்னுடையது. அன்றைக்கு என் மகளுக்குக் கேட்காமல் போனதில் என் தறிக்கும் பங்கு உண்டு. பள்ளியில் சோதனை என்று எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. மற்ற மூன்று பட்டறைக்காரர்களிடமும் பேசிவிட்டேன். ஒருவர் மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தார், பிறகு அவரும் சரி என்றார். தேதியையும் மணியையும் இரண்டு நாள் முன்னால் பள்ளி வழியாகச் சொல்லி அனுப்புங்கள். 35 நிமிடம் நாலு பட்டறையும் மெயினை இறக்கிவிடுகிறோம்.

இப்படிக்கு,
பணிவுடன்,
பள்ளிப்பட்டு வட்டத்து விசைத்தறிக்காரன் ஒருவன்
(12ஆம் வகுப்பு, ஐந்தாவது பெஞ்சு மாணவியின் தகப்பன்)