விளக்கு ஒன்றா, வரிசையா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் அதோடு வந்த துண்டறிக்கையும் கிடைத்தன. நீ வார்டு தேர்தலில் நிற்பது எனக்கு ஆச்சரியம் இல்லை, துண்டறிக்கைதான் ஆச்சரியம். 12 வாக்குறுதி, அத்தனையும் "செய்து தருவேன்" என்றே முடிகின்றன. கவுன்சிலருக்கு மன்றத்தில் இருப்பது ஒரே ஓட்டு. கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம், பட்ஜெட்டில் ஒரு வேலையைச் சேர்க்கச் சொல்லி மல்லுக்கட்டலாம், வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாம். இந்த நான்குக்குள் அடங்காததை அடித்துவிடு.

வீடு வீடாகப் போகும்போது "என்ன குறை?" என்று கேட்காதே. "எல்லாம் குறைதான்" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். "போன மழைக்குத் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது, எத்தனை மணி நேரம் நின்றது?" என்று கேட்டுப் பார், விரலை நீட்டிக் காட்டுவார்கள். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் பேசட்டும், மற்றவர் எழுதட்டும். வீட்டு எண், குறை, எப்போதிலிருந்து, ஏற்கெனவே கொடுத்த புகாரின் எண், இவ்வளவு போதும். ஒரே தெருவுக்கு இரண்டு வேளை போக வேண்டும். குப்பை வண்டி எப்போது வருகிறது என்பது பகலில் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். எந்த மூலை இருட்டு என்பது இரவு வேலை முடிந்து திரும்புகிறவர்களுக்குத்தான் தெரியும். வாடகைக்காரர்கள்தானே என்று எந்த வீட்டையும் தாண்டிவிடாதே.

தெருவிளக்கில் ஒன்று மட்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு அந்த விளக்கிலேயே இருக்கும். அடுத்தடுத்து நாலைந்து கம்பம் அணைந்திருந்தால் ஃபியூஸையோ கேபிளையோ பார்க்க வேண்டும். அங்கே பல்பு மாற்றுகிறவரை அனுப்பினால் சும்மா திரும்புவார். பட்டப்பகலில் எரிந்தால் டைமரோ ஒளி உணரியோ பழுது. அதனால் "எங்கள் தெரு இருட்டு" என்று எழுதாமல், கம்ப எண்களை வரிசையாகக் குறித்துக் கொடு.

நீ அதிகம் நேரம் செலவழிக்க வேண்டியது வடிகாலில். தண்ணீர் நிற்கும் இடத்தைப் பார்த்தே எல்லோரும் புகார் சொல்வார்கள், அடைப்போ அதற்குக் கீழே எங்கேயோ இருக்கும். கடைசியில் வடிகால் எங்கே போய் விழுகிறது என்று கண்டுபிடித்து, அங்கிருந்து மேல்நோக்கி நடந்து வா. தூர் வாருவதையும் அந்த முனையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மேலே மட்டும் வாரினால் அடித்துவரும் மண் கீழ் அடைப்பில் போய்ச் சேரும். வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனால் அடுத்த மழையில் அது திரும்ப உள்ளே போய்விடும். அதே நாளில் அள்ளுவதையும் வேலை உத்தரவில் எழுதச் சொல். இன்னொன்று: பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுச் சாலை உயர்ந்திருந்தால், வடிகாலை எவ்வளவு சுத்தம் செய்தாலும் தண்ணீர் வீட்டுக்குள்தான் வரும். அந்தத் தெருவுக்குத் தூர் வாருவதாக வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே.

சாலைக் குழியும் கிட்டத்தட்ட தண்ணீரின் வேலைதான். விரிசல் வழியே இறங்கி அடித்தளத்தை இளக்குகிறது, மேலே சக்கரம் ஏறியதும் உடைகிறது. ஈரக் குழியில் ஜல்லியைக் கொட்டி மிதித்துவிட்டுப் போனால் அடுத்த மழை தாங்காது. ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி, உலர்த்தி, பெருக்கி, ஒட்டுத் தார் பூசி, அதன் பிறகு கலவை போட்டு இறுக்க வேண்டும். குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தைச் சுமார் 15 முதல் 20 சென்டிமீட்டர் அடுக்குகளாக நிரப்பி, ஒவ்வொன்றையும் இடித்து இறுக்க வேண்டும். ஒரே மூச்சில் மண்ணைத் தள்ளி மூடினால் சில மாதத்தில் நீளவாட்டில் பள்ளம் விழும். இந்த வேலை நடக்கும் நாளில் நீ அங்கே நிற்பது மன்றத்தில் பேசும் பத்துப் பேச்சுக்குச் சமம்.

கொசுவுக்குப் புகை அடிப்பதைத்தான் மக்கள் கேட்பார்கள், கண்ணுக்குத் தெரிகிறதல்லவா. அது பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். டெங்கு பரப்பும் ஏடிஸ், வீட்டைச் சுற்றித் தேங்கும் நல்ல தண்ணீரில் முட்டையிட்டு, ஏறக்குறைய 7 முதல் 10 நாளில் கொசுவாகிவிடும். வாரம் ஒருமுறை பூந்தொட்டி, அதன் அடித்தட்டு, பழைய டயர் இவற்றைக் கவிழ்க்க ஆள் திரட்டினால் அதைவிடப் பலன் உண்டு. ஓட்டுக்கு உதவுமா என்று கேட்காதே, உதவாது.

கடைசி வீடுகளுக்குக் குடிநீர் வரவில்லை என்றால், யாராவது குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்களா என்று பார். அழுத்தம் குறைந்த குழாய், கசிவு உள்ள இடத்தில் வெளியிலிருக்கும் சாக்கடை நீரையும் உள்ளே இழுக்கும். இதைச் சொன்னால் மோட்டார் வைத்தவர்கள் உன் மேல் கோபப்படுவார்கள். அவர்களும் வாக்காளர்கள்தான், என்ன செய்ய.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. எந்தச் சாலை மன்றத்துடையது, எது நெடுஞ்சாலைத் துறையுடையது, கம்பம் யாருடையது, குழாய் யாருடையது என்று எழுத்தில் கேட்டு வாங்கு. அந்தத் தகவலைக் கையால் வரைந்த வார்டு வரைபடத்தில் நிறம் நிறமாகக் குறித்து எனக்கு ஒரு பிரதி அனுப்பு. வடிகால் போய் விழும் இடத்தை மறக்காமல் போடு. துண்டறிக்கையை அதைப் பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்