காசு கொடுக்கும் முன் கணினிக்குள் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டுக் கணினி மந்தமானால், வேகப்படுத்தித் தருவதாகச் சொல்லும் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்குவதும், கடைக்குக் கொண்டுபோய் ஃபார்மட் செய்வதும் வழக்கமாகிவிட்டன. பின்னணியில் என்ன ஓடுகிறது என்பதை நாமே பார்க்க நல்ல இலவசக் கருவிகள் இருப்பதை வாசகர்கள் அறிய வேண்டும்.

முதலாவது, விண்டோஸிலேயே இருக்கும் டாஸ்க் மேனேஜர். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், எந்த நிரல் எவ்வளவு நினைவகத்தையும் பிராசஸரையும் எடுத்துக்கொள்கிறது என்பது தெரிந்துவிடும். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும். ஆனால், சந்தேகத்துக்குரிய நிரல் எங்கிருந்து வந்தது, அதைத் தொடங்கியது எது என்று கேட்டால் இது எளிதில் பதில் சொல்லாது.

அங்கேதான் இரண்டாவது கருவியான புராசஸ் எக்ஸ்புளோரர் உதவுகிறது. மென்பொருள் வல்லுநர்களான மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் இருவரும் உருவாக்கிய சிஸ்இன்டர்னல்ஸ் என்ற விண்டோஸ் கருவித் தொகுப்பைச் சேர்ந்த இதனை 2006 முதல் மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கி வருகிறது. நிறுவ வேண்டியதில்லை, தரவிறக்கி அப்படியே திறக்கலாம். உதாரணமாக, ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்ற பெயர் பட்டியலில் பல முறை வருவதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். விண்டோஸின் சேவைகளை இயக்கும் நிரல் அது, 3.5 ஜிபிக்கு மேல் நினைவகம் உள்ள கணினிகளில் 2017 முதல் பெரும்பாலான சேவைகள் தனித்தனியாக ஓடுவதால் அந்தப் பெயர் பெருகியிருக்கிறது. அதே பெயரைச் சூடி வைரஸ்களும் வருவதுண்டு என்பதால், சிஸ்டம்32 கோப்புறையிலிருந்து ஓடுகிறதா, மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையொப்பம் (அந்நிறுவனம் வெளியிட்டதுதான் என்பதற்கான மின்னணு அடையாளம்) உள்ளதா என்பதை இக்கருவியில் சரிபார்க்கலாம். விரும்பினால், ஒரு கோப்பைப் பல வைரஸ் தடுப்பு மென்பொருள்களைக் கொண்டு சோதிக்கும் இணையச் சேவையான வைரஸ்டோட்டலின் சோதனையையும் இயக்கலாம். எழுபது சோதனைகளில் ஒன்றிரண்டு மட்டும் எச்சரித்தால் பெரும்பாலும் அது தவறான எச்சரிக்கைதான். அறியப்படாத கோப்புகளை வைரஸ்டோட்டலுக்கு அனுப்பும் வசதியை மட்டும் அணைத்தே வையுங்கள், ஏனெனில் அப்போது கோப்பே வெளியே போய்விடும்.

மூன்றாவது, முன்பு புராசஸ் ஹேக்கர் என்றிருந்த சிஸ்டம் இன்ஃபார்மர். இது திறமூல மென்பொருள், அதாவது இதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம். இணையத் தொடர்புகளையும் வட்டுப் பயன்பாட்டையும் தனித்தனித் தாவல்களில் காட்டும். சில வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் இதனையே ஆபத்தென்று தடுப்பதாலும், ஓடிக்கொண்டிருக்கும் முக்கியமான நிரல்களைக்கூட நிறுத்தும் ஆற்றல் இதற்கு இருப்பதாலும், புதியவர்களுக்கு இதனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தங்கள் கணினிப் பக்கத்தில் புராசஸ் எக்ஸ்புளோரரைப் படங்களுடன் தமிழில் விளக்கி, மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து மட்டுமே அதைத் தரவிறக்க வேண்டும் என்ற எச்சரிக்கையையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருச்சி