‘வேணும்’ வலப்பக்கம் இருக்கட்டும்

ஆசிரியருக்கு,

பேச்சு வராத, ஆட்டிசம் உள்ள பிள்ளை வேண்டியதைக் கேட்பதற்காக இணையத்திலிருந்து பட அட்டைகளை அச்செடுத்து, லேமினேட் செய்து, வெல்க்ரோ ஒட்டிக் கொடுத்துவிட்டு, ‘ஒரு மாசமாச்சு, பலனில்லை’ என்று சொல்லும் பெற்றோர் ஏராளம். கோளாறு பெரும்பாலும் அட்டையில் இருப்பதில்லை; பழக்கும் விதத்தில்தான் இருக்கிறது.

படத்தைக் கொடுத்துப் பொருளைக் கேட்டு வாங்கும் இந்தப் படப் பரிமாற்ற முறை 1985இல் அமெரிக்காவின் டெலவேரில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் என்ற இருவர் உருவாக்கியது. ஆறு கட்டங்கள் கொண்டது. முதல் கட்டத்துக்குப் பெரியவர்கள் இருவர் வேண்டும்; நம் வீடுகளில் அம்மா ஒருவரே இரண்டு வேலையையும் பார்க்கிறார். எதிரே இருப்பவர் முறுக்குத் துண்டைக் காட்டுவார். அதை எடுக்கப் பிள்ளை கை நீட்டியதும், பின்னால் இருப்பவர் அந்தக் கையைப் பிடித்து, அட்டையை எடுக்கச் செய்து, எதிரே விரித்த உள்ளங்கையில் வைக்கச் செய்வார். வைத்த நொடியே ‘முறுக்கு’ என்று சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். ‘என்ன வேணும்?’ என்று முதலில் கேட்கவே கூடாது. கேட்டுப் பழக்கினால், கேட்கும்வரை அட்டையைத் தொடாது. பின்னால் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது. உதவியைக் கடைசிப் படியிலிருந்து குறைத்து வர வேண்டும்: முதலில் உள்ளங்கையில் வைக்கும்போது கையை விடுவது, பிறகு நீட்டும்போது, கடைசியாக எடுக்கும்போது. முழு முறுக்கைக் கொடுத்தால் ஒரே முறையோடு பயிற்சி முடிந்துவிடும். நகமளவுத் துண்டு போதும். சாப்பாட்டுக்கு முன்பு உட்கார்ந்தால் பத்துப் பதினைந்து முறை கிடைக்கும்.

நான்காவது கட்டத்தில், அட்டைகளைப் பட்டையில் வரிசையாக ஒட்டி வாக்கியமாக்குவார்கள். ஆங்கிலத்தில் ‘எனக்கு வேண்டும்’ இடப்பக்கம், பொருள் வலப்பக்கம். அதை அப்படியே தமிழாக்கி விற்கிறார்கள். ‘எனக்கு வேண்டும் முறுக்கு’ என்று எந்த வீட்டில் பேசுகிறோம்? முறுக்குப் படம் முதலில், ‘வேணும்’ அதன் வலப்பக்கம். ‘வேண்டும்’ அல்ல, ‘வேணும்’. ‘நீர்’ அல்ல, ‘தண்ணி’. காதில் விழும் சொல்தானே நாக்கில் வரும்? பட்டையை வாசிக்கும்போது ‘முறுக்கு…’ என்று நிறுத்தி, மூன்று முதல் ஐந்து விநாடி பொறுங்கள். பிள்ளை ‘வேணும்’ என்று முடித்தால் மகிழ்ச்சி. முடிக்காவிட்டாலும் முறுக்கைக் கொடுத்துவிடுங்கள். பேசினால்தான் தருவேன் என்று பிடித்து வைத்தால் அட்டையின் மேலும் நம்பிக்கை போய்விடும்.

பேசத் தொடங்கிய பிள்ளைகளில் சிலர் தாகம் எடுத்தால் ‘தண்ணி வேணுமா?’ என்று வந்து நிற்பார்கள். நாம் அப்படிக் கேட்டே கொடுத்ததன் எதிரொலி அது. கிளிப்பிள்ளைப் பேச்சென்று அடக்க வேண்டாம்; பிள்ளை கேட்கத்தான் செய்கிறது. தம்ளரை நீட்டியபடி, பிள்ளையின் வாயில் வர வேண்டியபடியே ‘தண்ணி வேணும்’ என்று சொன்னால் போதும்.

இதற்கெல்லாம் முன்பு கேட்புத் திறன் சோதனை முடிந்திருக்க வேண்டும். இன்னமும் இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

அட்டை கொடுத்தால் பேச்சே வராது என்ற பயம் பரவலாக உள்ளது. வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களிடம் படம், சைகை போன்ற மாற்று வழிகளைப் பயன்படுத்திய ஆய்வுகளை 2006இல் தொகுத்துப் பார்த்தபோது, பேச்சு குறைந்தவர் ஒருவர்கூட இல்லை. பெரும்பாலோருக்குச் சற்றே கூடியிருந்தது. ஆகவே இரண்டு சொல் வந்ததுமே அட்டைகள் ஒட்டிய ஃபைலைப் பரண்மேல் ஏற்றிவிடாதீர்கள்.

பள்ளிகளில் இந்த ஃபைலைப் புத்தகப் பையோடு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். பேச்சுக்குத் துணையான மாற்றுத் தொடர்பு வழிகளை ஊக்குவிக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 17ஆம் பிரிவு சொல்கிறது. மதிய உணவு நேரத்திலும் கழிப்பறைக்குப் போகும்போதும் ஃபைல் பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் எனப் பள்ளிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.

– பேச்சு, மொழிப் பயிற்றுநர்கள், திருச்சி