அப்கிரேடுக்குப் பிறகு பிடிஎஃப் வேறு மென்பொருளில் திறந்தால்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கணினியின் இயங்குதளமான உபுண்டு 22.04-ஐ 24.04-க்கு அப்கிரேட் செய்தபின் பிடிஎஃப்பைத் தட்டினால் படம் வரையும் லிப்ரே ஆபீஸ் டிராவோ போட்டோ திருத்தும் ஜிம்ப்போ திறக்கிறது என்று தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து டிடிபி கடைகளிலிருந்து கேட்கிறீர்கள். ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஃபார்மட் பண்ண வேண்டாம். அப்படித் திறந்ததை பிரின்ட் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

வில்லங்கச் சான்றையே எடுத்துக்கொள்ளுங்கள். டிரா அதை உள்ளபடி காட்டாது. திருத்துவதற்காகத் துண்டு துண்டாகப் பிரிக்கும். சான்றிலுள்ள எழுத்துரு கிடைக்காவிட்டால் வேறொன்றைப் போடும். 'கொ'வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று நிற்கலாம். சர்வே எண் கட்டத்தைத் தாண்டலாம். ஜிம்ப்போ பக்கத்தையே படமாக்கிவிடும். ரெசல்யூஷன் குறைந்தால் பிரின்ட் மங்கும்.

எந்த வகை ஃபைலை எது திறக்க வேண்டும் என்பது உங்கள் ஹோம் ஃபோல்டரில், மறைந்திருக்கும் 'டாட் கான்ஃபிக்'குக்குள் 'மைம்ஆப்ஸ் டாட் லிஸ்ட்' என்ற சிறு ஃபைலில் இருக்கிறது. கண்ட்ரோல், எச் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அந்த ஃபோல்டர் தெரியும். அப்கிரேட் முடிவில் பழைய பேக்கேஜ்களை நீக்கவா என்று கேட்கும்போது 'ஆம்' சொன்னால், நீங்கள் வைத்திருந்த பிடிஎஃப் ரீடரும் அதோடு போயிருக்கலாம். பட்டியலில் பெயர் இருக்கும், ஆள் இருக்காது. அப்போது பிடிஎஃப் திறக்கத் தெரியும் என்று பதிந்துள்ள வேறொன்று முன்னே வந்துவிடும். மெயில் மென்பொருளான தண்டர்பேர்டில் கதை வேறு: 24.04-இல் அது ஸ்னாப் என்ற வேறு வகை பேக்கேஜாக வருவதால் பட்டியலில் எழுத வேண்டிய பெயரே மாறிவிட்டது. அதனால் பழைய பட்டியலின் நகலைத் திரும்பப் போட்டாலும் சரியாகாது.

பிடிஎஃப் மீது ரைட் கிளிக் செய்து 'ஓபன் வித்' எடுங்கள். 'டாக்குமெண்ட் வியூவர்' மீது ஒரு கிளிக். கீழே 'ஆல்வேஸ் யூஸ் ஃபார் திஸ் ஃபைல் டைப்' சுவிட்சை ஆன் செய்தபின் 'ஓபன்' கொடுங்கள். பலரும் சுவிட்சை விட்டுவிடுகிறார்கள். அடுத்த ஃபைல் மறுபடி டிராவில்தான் திறக்கும். படங்களுக்கு ஜேபெக், பிஎன்ஜி இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். பிரௌசர், மெயில் என்றால் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', அதில் 'டிஃபால்ட் ஆப்ஸ்'.

'ஓபன் வித்' பட்டியலில் வியூவரே இல்லையென்றால் ஆப் சென்டரில் 'எவின்ஸ்' (டாக்குமெண்ட் வியூவரின் இன்னொரு பெயர்) என்று தேடி நிறுவிவிட்டு மேலே சொன்னதைச் செய்யுங்கள். பிறகும் டிராதான் வந்தால், மைம்ஆப்ஸ் ஃபைலில் பிடிஎஃப் வரியை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். சிபியூவைத் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலுக்கு பஸ் ஏற வேண்டாம்.

இப்படிக்கு,
சர்வீஸ் பிரிவு,
நாகர்கோவில்