'மறுபடி' என்றால் மறுபடி படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் மகளுக்கு இரண்டரை வயது. தினமும் ராத்திரி ஒரே புத்தகம்தான், ஆற்றில் செருப்பைத் தொலைத்த ஒரு வாத்தின் கதை. நாற்பது தடவையாவது படித்திருப்பேன். அட்டை ஓரமெல்லாம் கடிபட்டு, நடுவில் டேப் ஒட்டி, எனக்கோ அதைப் பார்த்தாலே கொட்டாவி வருகிறது. "புதுசா நாலு புத்தகம் வாங்கித் தரக் கூடாதா?" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். நானும் ஒருநாள் அதை அலமாரிக்கு மேல் ஒளித்து வைத்தவன்தான். அது தப்பு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நமக்குத்தான் அது அதே கதை. முதல் தடவை அவள் வாத்தை மட்டும் பார்த்தாள். பத்தாவது தடவையில் வாத்து ஏன் அழுகிறது என்று கேட்டாள். இருபதைத் தாண்டிய பிறகு, மிதந்து போகிற செருப்பின் மேல் ஒரு எறும்பு உட்கார்ந்திருப்பதைக் காட்டினாள், அதுவரை அது என் கண்ணில் பட்டதே இல்லை. கதை எப்படிப் போகும் என்று தெரிந்த பிறகுதான் கண் மற்ற இடங்களுக்குப் போகிறது போலிருக்கிறது.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2011இல் வெளிவந்தது. மூன்று வயதுப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டினார்கள். புதுச் சொற்கள் எல்லார் காதிலும் ஒரே அளவுதான் விழுந்தன, ஆனால் சிலருக்கு ஒரே கதைகளில் திரும்பத் திரும்ப, மற்றவர்களுக்கு வெவ்வேறு கதைகளில். அதே கதைகளைக் கேட்டவர்களுக்குத்தான் சொற்கள் நன்றாக நினைவில் நின்றன. சின்ன ஆய்வுதான், பிள்ளைகளும் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் என் வீட்டில் நடப்பதோடு ஒத்துப்போகிறது: நான் பேச்சில் எடுக்கவே எடுக்காத 'தத்தளிக்குது' என்ற சொல்லை, நேற்று குளிக்கும்போது வாளியில் மிதந்த டப்பாவைக் காட்டிச் சொன்னாள்.

அப்புறம், தூக்கக் கலக்கத்தில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினால் உடனே பிடித்துவிடுகிறாள். எப்போது சாப்பிடுவது, எப்போது தூங்குவது என்று எல்லாமே பெரியவர்கள் கையில் இருக்கிற வயதில், அடுத்து என்ன வரும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த இடம் அந்தப் புத்தகம்தானே. இடி இடிக்கிற பக்கம் வந்தால் முன்பெல்லாம் என் தோளில் முகத்தைப் புதைப்பாள், இப்போது எனக்கே "பயப்படாதப்பா" என்கிறாள்.

புதுப் புத்தகமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் போட்டு வையுங்கள், எடுக்கிற நாளில் எடுக்கட்டும். சலிப்பு தாங்கவில்லை என்றால் வரியைப் பாதியில் நிறுத்திப் பாருங்கள், மீதியைப் பிள்ளையே சொல்லிவிடும். எங்கள் வீட்டில் இப்போது நான் பாதிக் கதைதான் படிக்கிறேன். மீதியை அவள் தன் பொம்மைக்குப் படித்துக் காட்டுகிறாள், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.

இப்படிக்கு,
வாத்துக் கதை மனப்பாடமான ஒரு அப்பா