சேர்ந்திசை வகுப்பும் பிள்ளைகளின் குரலும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக்கிய 2021 டிசம்பர் அரசாணை, இசைத்தட்டைத் தவிர்த்து வாய்ப்பாட்டாகவே பாடச் சொல்கிறது: மோகன ராகம், திஸ்ர நடை (மும்மூன்றாக எண்ணும் தாள நடை), 55 வினாடி. காலைக் கூட்டத்தில் நம் பிள்ளைகள் எல்லோரும் பாடத்தான் செய்கிறார்கள். பாதிப் பேர் கத்துகிறார்கள்.

சுற்றிலும் சத்தம் கூடினால் நம் குரலும் தானாக உயரும். ஒருவர் கத்தினால் பக்கத்தில் நிற்பவருக்குத் தன் குரலே கேட்காது, அவரும் கத்துவார். சுருதி போவது அங்கேதான். ஆகவே பக்கத்துப் பிள்ளையின் குரல் காதில் விழுகிற அளவுக்கு மேல் யாரும் பாடக் கூடாது என்று வைத்திருக்கிறோம். வீட்டிலும் “இன்னும் சத்தமாப் பாடு” என்று சொல்லாதீர்கள்.

6 முதல் 9ஆம் வகுப்பு வரை, செவ்வாய், வியாழன் மாலை 3.30 முதல் 4.10 வரை சேர்ந்திசை வகுப்பு. முதல் ஐந்து நிமிடம் வாயை மூடி ‘ம்’ என்று ரீங்காரம், பிறகு உதட்டை அதிரவிட்டு ‘ப்ர்ர்’ (குழந்தைகள் பஸ் ஓட்டும் அதே சத்தம்தான்). அடுத்து சரளி வரிசை (சுரங்களை ஏறி இறங்கிப் பாடும் முதல் பயிற்சி), முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், மட்டும். சுருதிப்பெட்டி 5 கட்டையில் இருக்கும் (கட்டை என்பது ‘ஸ’ எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பதன் அளவு). ஆண் ஆசிரியரின் 1 கட்டைக்குப் பிள்ளைகளை இழுத்தால், அதை ஒரு ஸ்தாயி (ஏழு சுர அடுக்கு) மேலே எடுத்துப் பாடி, உயரச் சுரங்களில் தொண்டையை இறுக்குவார்கள். சுருதி பிசகாதவர்கள் பின்வரிசையில் நிற்பார்கள். முன்னால் நிற்பவர்கள் அவர்களைக் கேட்டுப் பிடித்துக்கொள்ளலாம். நீண்ட கார்வையில் (ஒரே சுரத்தை இழுத்து நிற்கும் இடத்தில்) எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துவிடும். ஆளுக்கோர் இடத்தை நோட்டில் குறித்துக் கொடுத்திருக்கிறோம்.

தண்ணீர் பாட்டில் கட்டாயம். குடிக்கும் தண்ணீர் உணவுக்குழாயில்தான் இறங்குகிறது, குரல் நாண்களைத் தொடுவதில்லை. உடம்பில் ஈரம் சேர்ந்த பிறகே அவற்றுக்குப் பலன். அதனால் பாடுமுன் ஒரு மடக்கு போதாது, காலையிலிருந்தே குடிக்க வேண்டும். அடிக்கடி தொண்டையைக் கனைப்பது நாண்களை மோதவைக்கும். அதற்குப் பதில் எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள். குரல் கம்மியிருக்கும்போது கிசுகிசுப்பதும் ஓய்வாகாது, அதுவும் சிரமம்தான். புதினா மிட்டாய் எரிச்சலை மறைக்குமே தவிர ஆற்றாது. கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். கத்திப் பழகிய பிள்ளைகளின் குரல் நாணில் முடிச்சு விழுவதுண்டு.

குரல் உடையும் பருவத்துப் பையன்களைப் பாட்டிலிருந்து நிறுத்த வேண்டாம். எட்டுகிற நான்கைந்து சுரங்களுக்குள் மெதுவாகப் பாடட்டும். கேலி மட்டும் கூடாது. அண்ணன் அக்காமாரிடமும் சொல்லிவையுங்கள்.

சளி, இருமல் உள்ள நாளில் நாட்குறிப்பில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அன்று பிள்ளை பாடாமல் தாளம் மட்டும் போடும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்